ஏழாமிடத்தில் ரோஸ்மேரி வைத்த செவ்வாய்

ஓடைக்கல்பட்டியில் ரோஸ்மேரி கல்யாணத் தரகர். வேடசந்தூரைத் தாண்டி இன்னொரு ஊரில் அவள் தையல் டீச்சர். பழனியில் ஒரு லாட்ஜுக்குப் பின்னால் குடியிருக்கும் குடும்பத்துக்குத் தூரத்துச் சொந்தம். எந்த வழியில் சொந்தம் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், அந்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வழி சொல்வார்கள். திண்டுக்கல்லில் மட்டும்தான் அவள் உண்மையில் என்னவோ அதுவாக இருந்தாள்: எச்.ஐ.வி. பாதித்த குடும்பங்களுக்குத் துணை நிற்கும் ஒரு சின்ன அறக்கட்டளையின் களப்பணியாளர். அங்கேயும் வீட்டு உரிமையாளரிடம் ‘ஆபீஸ் வேலை’ என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். வாடகைக்கு வீடு கிடைக்க வேண்டுமே.

அவளுக்கே அது இருக்கிறதா என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். நோய் உள்ளவர்கள், “ஒனக்கு இல்லாதப்ப எங்க கஷ்டம் எப்படித் தெரியும்?” என்பார்கள். இல்லாதவர்கள், “ஒனக்கு இல்லாமலா இந்த வேலைக்கு வந்த?” என்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பைத்தான் கொடுப்பாள். பத்தொன்பது வருடமாக அவள் சொல்லாததை இங்கே போட்டு உடைப்பது நியாயமாக இராது.

தரகர் வேடம் அவள் ஆசைப்பட்டுப் போட்டதில்லை. முதல்முதலாக ஓடைக்கல்பட்டியில் இறங்கியபோது பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், “யாரு வீட்டுக்கு, என்ன சோலியா வந்தீக?” என்று மறித்தார்கள். வந்தது கௌசல்யா வீட்டுக்கு. கௌசல்யாவின் புருஷன் அப்போதுதான் இறந்திருந்தான். மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். கௌசல்யாவுக்கும் நாலு வயது மகள் புவனேஸ்வரிக்கும் ரத்தப் பரிசோதனையில் அது இருப்பதாக வந்திருந்தது. இதைப் பஸ் நிறுத்தத்திலா சொல்வது? “அந்த வீட்டுல கல்யாணத்துக்கு ஒரு எளவட்டம் இருக்காராம்ல, ஒரு வரன் விசயமா வந்தேன்” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். கௌசல்யாவின் கொழுந்தன் வேலுசாமி அப்போது கல்யாணம் ஆகாமல் இருந்தது அவளுடைய அதிர்ஷ்டமா துரதிர்ஷ்டமா என்று இன்றுவரை தெரியவில்லை.

கேட்டவர்கள் விடவில்லை. அடுத்த முறை வந்தபோது, “என்னாச்சு வேலுசாமி வரன்?” அதற்கடுத்த முறை, “இன்னுமா தேடுறீக?” மானம் போகும்போல இருக்கவே, எங்கெங்கோ அலைந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்து வேலுசாமிக்குக் கட்டி வைத்தாள். அவர் தனிக்குடித்தனம் போய், மூன்று பிள்ளைகளைப் பெற்று, இன்றைக்கும் பெண்டாட்டியைப் பற்றி ரோஸ்மேரியிடம் புகார் சொல்கிறார்.

ஒரு கல்யாணம் முடித்தவளை ஊர் சும்மா விடுமா? ஜாதகங்கள் வந்து குவிந்தன. மாரம்பாடிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்ணான ரோஸ்மேரி, எந்த நட்சத்திரத்துக்கு எந்த நட்சத்திரத்தோடு ரஜ்ஜுப் பொருத்தம் தட்டும் என்பதை வாய்ப்பாடு மாதிரி சொல்லக் கற்றுக்கொண்டாள். பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் அவள் ஒருத்தியின் பாவசங்கீர்த்தனத்துக்கே தனி நாள் ஒதுக்க வேண்டியிருக்கும். ஆனால் ஊரே ‘புரோக்கரம்மா’ என்று கூப்பிட்டதில் ஒரு சௌகரியம். மஞ்சள் பையில் மேலே ஜாதகக் கட்டு, அடியில் மாத்திரை டப்பா. பஸ்ஸில் குலுங்கிச் சத்தம் போடாமலிருக்க டப்பாவுக்குள் பஞ்சு. எந்த நேரத்திலும் எந்த வீட்டுப் படியிலும் ஏறலாம்.

இதற்கிடையில் திண்டுக்கல் அலுவலகத்தில் திட்டங்கள் வந்தன, போயின. குழந்தைகள் திட்டத்தில் புவனா இருந்தாள். பதினெட்டு முடிந்த மறுநாள் அவள் குழந்தை இல்லை என்று பெயரை எடுத்துவிட்டார்கள். இளைஞர் திட்டம் ஆரம்பிக்க நாளானது. இடைப்பட்ட காலத்தில் எந்தத் திட்டத்திலும் அவள் கிடையாது. அந்தத் தகவல் வைரஸுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. ரோஸ்மேரி பாட்டுக்கு மஞ்சள் பையோடு போய்க்கொண்டிருந்தாள்.

இப்போது வந்திருப்பது ‘வாழ்நாள் முழுமைக்குமான ஆதரவு’. ஓட்டல் ஹாலில் பயிற்சி. திரையில் ஒரு வட்டம். அதில் தொட்டில், பள்ளிக்கூடப் பை, கல்யாண மாலை, கைத்தடி என்று வரிசையாகப் படங்கள். ஒருங்கிணைப்பாளர் பிராங்கிளின், சின்ன வயதுப் பையன், சுறுசுறுப்பானவன், விளக்கி முடித்ததும் ரோஸ்மேரி எழுந்தாள்.

“சார், தொட்டிலுக்குப் பால் பவுடர், பைக்கு நோட்டு, கைத்தடிக்குப் பென்ஷன்னு சொன்னீங்க. இந்த மாலைக்கு என்ன செய்யணும்?”

“அது சிம்பாலிக், அக்கா.”

அந்த மாலைதான் ஓடைக்கல்பட்டியில் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

புவனா பி.காம். முடித்து மில் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் பெண் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வரனைத் தட்டிக் கழிக்க ஒரு காரணம் வேண்டும், அதுவும் யாரும் மறுபேச்சுப் பேசாத காரணமாக வேண்டும். ரோஸ்மேரி திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் ஜாதகக் கடைக்குப் போய், புவனா பிறந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொன்னாள். லக்னம் மாறியது. ஏழாமிடத்தில் செவ்வாய் வந்து உட்கார்ந்தது. சுத்தமான செவ்வாய் தோஷம். பிறகு பெண் கேட்டவர்களிடமெல்லாம், “தங்கமான புள்ளதான், ஆனா ஏழுல செவ்வா” என்று உச்சுக் கொட்டினாள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். தன் வாழ்நாளில் போட்ட பூட்டுகளிலேயே இதுதான் உருப்படியானது என்று ரோஸ்மேரி நம்பினாள்.

பழனியம்மாள் கூப்பிட்டு அனுப்பும்வரை நம்பினாள்.

பழனியம்மாள் ஊரில் பெரிய சம்சாரி. முருங்கையும் தக்காளியும் போட்டு, சொட்டுநீர்க் குழாய் பதித்து, கமிஷன் கடைக்காரர்களை மிரட்டி வைத்திருப்பவள். முருங்கை மரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏத்தா ரோஸம்மா, வா. ஒக்காரு. ஒன்னைய நம்பி ஒரு விசயம் சொல்றேன், வெளிய விட்றாத. எம் மகன் சிவபிரகாசுக்கு ஏழுல செவ்வா.”

ரோஸ்மேரி மோர்த் தம்ளரை வாயிலிருந்து எடுத்தாள்.

“இம்புட்டு நாளா எங்கிட்டச் சொல்லவே இல்லியேக்கா?”

“தோசம்னு ஊருக்குத் தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? அதான் ஒட்டன்சத்திரத்துத் தரகன்ட்ட ரகசியமாக் குடுத்து வச்சிருந்தேன். அவனும் ஏனுங்க, பாத்துரலாமுங்கன்னே காலத்த ஓட்டிட்டான். முப்பத்தொண்ணு ஆயிப்போச்சு எம் மகனுக்கு. இங்க பாத்தா, நாலு வீடு தள்ளி அதே செவ்வாயோட ஒரு பொண்ணு ஒக்காந்திருக்கா! மொறையும் சரியா வருது. முடிச்சுக் குடு.”

ரோஸ்மேரி தடுமாறினாள். “வசதி கம்மிக்கா அவங்களுக்கு…”

“நா வசதியக் கேட்டனா?”

“அப்பா இல்லாத பொண்ணு…”

“அப்பன் இருந்து என்னத்தா? எம் புருசன் இருந்துதான் என்ன பண்றாரு? ஏ, நா ஒரு வருசமா அவளப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு நா காச்ச, தலவலின்னு படுத்திருக்காளா? ராத்திரி ஒம்பதுக்குச் சாப்ட்டு வெளக்க அமத்துனா அமத்துனதுதான். எம் மூத்த மருமகளும் இருக்காளே, விடிய விடியப் போனு, விடிஞ்சா இடுப்புவலி. இந்த மாதிரி ஒழுக்கமா ஒரு புள்ள இந்தச் சுத்துப்பட்டில உண்டா?”

அந்த ஒன்பது மணிச் சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு மாத்திரை இருக்கிறது, அதை நேரம் தவறாமல் போட வைக்கத் தான் எத்தனை வருடம் மன்றாடியிருக்கிறோம், அந்த ஒழுக்கமே இன்றைக்கு வினையாகி வந்து நிற்கிறது — இதையெல்லாம் ரோஸ்மேரி மோரோடு சேர்த்து விழுங்கினாள்.

கௌசல்யா வீட்டில் நிலைமை இன்னும் மோசம். பயப்படுவாள் என்று பார்த்தால் கௌசல்யா அழுதாள், சந்தோஷத்தில்.

“தேடி வருதுக்கா. முடிச்சிருவோம். மாத்திரையத் தைராய்டுன்னு சொல்லிக்கிருவோம். எத்தன பொண்ணுக தைராய்டு மாத்திரை போடுதுக.”

“ஏ கௌசல்யா, ஒம் புருசன் ஒங்கிட்டச் சொல்லாமத்தான கட்டுனாரு?”

கௌசல்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொல்லியிருக்கக் கூடாது என்று ரோஸ்மேரிக்கு உடனே தெரிந்தது. சொன்னது சரிதான் என்றும் தெரிந்தது. அவளுடைய தொழிலில் இந்த இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

அந்த நேரம் மில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள் புவனா. விஷயத்தைக் கேட்டதும் பையைக் கழற்றாமலே நின்றாள்.

“சிவபிரகாசா? எங்க மில் பஸ்ஸு ஓட்டுறவரா?”

“அவருதான்.”

“நாங்க எல்லாரும் ஏறி உக்கார்ற வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டாரு” என்றாள் புவனா. அவள் குரலில் இருந்தது என்னவென்று ரோஸ்மேரிக்குப் புரிந்துவிட்டது. பூட்டைப் பற்றி இத்தனை யோசித்தவள், உள்ளே இருப்பவளுக்கு வெளியே வர ஆசை இருக்கும் என்று யோசிக்கவில்லை.

“வேணாம்டி. எதாவது சொல்லித் தட்டிவிட்றேன்.”

“ரோஸத்தை, ரெண்டு பேரும் எனக்காக இம்புட்டு வருசமாப் பொய் சொல்றீக. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, என்னையக் கேட்டீகளா? எனக்கு அவரப் புடிச்சிருக்கு. நானே சொல்றேன்.”

“சொல்றியா? அவன் அவங்கம்மாட்டச் சொன்னா? பழனியம்மா வாயில விழுந்தா வேடசந்தூர் வரைக்கும் போகும்டி. மில்லுல ஒம் பக்கத்துல எவளாச்சும் உக்காந்து சாப்டுவாளா?”

“ரத்தத்துல வைரஸு கண்டுபுடிக்க முடியாத அளவுக்குக் கொறஞ்சு, அப்படியே இருந்தா கூடப் படுத்தாலும் பரவாது, புள்ளைக்கும் வராமப் பாத்துக்கலாம்னு நீங்கதான கிளாஸ் எடுத்தீக? எனக்கு அப்படித்தான வருசா வருசம் வருது? அப்ப அது நெசமா, இல்ல எங்களத் தேத்துறதுக்குச் சொன்னதா?”

“நெசந்தான்டி. ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பழனியம்மாளுக்குத் தெரியணும்ல?”

“பழனியம்மாளயா நா கட்டப் போறேன்?”

மறுநாள் ரோஸ்மேரி பிராங்கிளினிடம் போனாள். அவனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“சூப்பர்க்கா! ஒருத்தருக்கு இருந்து ஒருத்தருக்கு இல்லாத ஜோடி நம்ம புராஜெக்ட்ல இல்லவே இல்ல. வெற்றிக் கதையா எழுதலாம்.”

“இன்னும் பொண்ணே பாக்கல சார். பையனுக்கு விசயம் தெரியாது. நா சொல்லலாமா?”

“நீங்க சொல்லக் கூடாது. சட்டப்படி குத்தம். அவங்களா விருப்பப்பட்டாச் சொல்லலாம். சொன்னா என்னாகும், சொல்லாட்டி என்னாகும்னு நீங்க ஆலோசனை குடுக்கணும்.”

“சொன்னா என்னாகும் சார்?”

பிராங்கிளின் கம்ப்யூட்டரைப் பார்த்தான். அதில் வட்டம் இருந்தது. மாலை இருந்தது. “அது… ஆளுக்கு ஆள் மாறும்க்கா” என்றான்.

இந்தப் பதிலுக்குத்தான் பேகம்பூர் வீட்டிலிருந்து வெயிலில் நடந்து வந்தோமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இதையே பெரிய ஓட்டலில் வைத்துச் சொன்னால் பயிற்சி என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழனியம்மாள் பூவும் பழமுமாக, மகனோடு வந்து இறங்கினாள். பெண் பார்க்க வந்த மாதிரி இல்லை, தாம்பூலமே மாற்றிவிடும் வேகத்தில் இருந்தாள். கேசரி வைத்தார்கள். புவனா வந்து நின்று கும்பிட்டுவிட்டு, “நா அவர்கிட்டக் கொஞ்சம் தனியாப் பேசணும்” என்றாள்.

“பேசுத்தா, பேசு. இப்பல்லாம் அதான ஃபேஷனு” என்றாள் பழனியம்மாள்.

இருவரும் கொல்லைப் பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே போனார்கள். ரோஸ்மேரி தம்ளர் கழுவும் சாக்கில் அடுப்படி ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு கேட்கவில்லை. புவனா கையை ஆட்டாமல், நேராக நின்று பேசினாள். சிவபிரகாஷ் முதலில் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு சிரிப்பு போனது. கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தான். செல்போனை எடுத்தான், எதையும் பார்க்காமல் மறுபடி பையில் வைத்தான். எதையோ கேட்டான். புவனா சுடிதார் பாக்கெட்டிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்துக் காட்டினாள். ரோஸ்மேரிக்கு மாதாவும் முருகனும் சேர்ந்தே ஞாபகம் வந்தார்கள். இருவரிடமும் ஒரே கோரிக்கையை வைத்தாள்.

“நாங்கெல்லாம் மூஞ்சியப் பாக்காமலே கழுத்த நீட்டுனோம்” என்று முன்னறையில் பழனியம்மாள் கௌசல்யாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “இதுக இப்பவே குடும்பம் நடத்துதுக.”

சிவபிரகாஷ் உள்ளே வந்தான். முகம் வெளுத்திருந்தது. யாரையும் பார்க்காமல் தாயிடம் மட்டும் பேசினான்.

“அம்மா, கெளம்பு. இந்தப் பொண்ணுக்குச் செவ்வாயே கெடையாது. பொறந்த நேரத்த மாத்திக் குடுத்து எழுதுன ஜாதகம். பொய் ஜாதகம்.”

கௌசல்யா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வார்த்தை என்ன வரப்போகிறதோ என்று ரோஸ்மேரி காத்திருந்தாள். அடுத்த வார்த்தை வரவில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பழனியம்மாள் மெதுவாகத் திரும்பினாள்.

“யாரு எழுதுனது?”

“நாந்தான்க்கா” என்றாள் ரோஸ்மேரி.

அதற்குப் பிறகு நடந்ததைத் தெருவே நின்று கேட்டது. “அடி கொலகாரி! தோசமில்லாத புள்ளைய எம் மகனுக்குக் கட்டியிருந்தா, அவஞ் செவ்வா இவள அடிச்சுத் தூக்கியிருக்குமேடி! ஒரு பச்சப்புள்ளயக் கொல்லப் பாத்தியேடி! சிலுவையப் போட்டுக்கிட்டு எங்க சாமியோட வெளையாடுறியா? இன்னொரு தடவ இந்த ஊருக்குள்ள காலெடுத்து வச்ச, முருங்க வெளாரு பிஞ்சிரும்!”

பெண்ணின் உயிரைக் காப்பாற்றிய திருப்தி அவள் குரலில் கணீரென்று இருந்தது. ரோஸ்மேரிக்குப் பதில் வாய் நிறைய இருந்தது. ஒவ்வொன்றும் புவனாவின் ரகசியத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

சங்கதி பரவியதும் வேலுசாமிதான் முதலில் வந்தார், மூச்சு வாங்க.

“அப்ப எஞ் ஜாதகம்? அதுவும் பொய்யா?”

“இல்லண்ணே. ஒங்களுது பத்துக்கு ஒம்பது பொருத்தம். நெசமாவே.”

வேலுசாமி கலங்கிப்போனார். “நெசமாவா? அப்ப இவ்வளவு பொருத்தத்தோடதான் இப்படி இருக்கமா?” என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் பின்னால் அவள் கட்டி வைத்த இன்னும் இரண்டு ஜோடிகள் நின்றன. புருஷன்மார் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. ரோஸ்மேரி அவர்களையும் ஏமாற்ற வேண்டியதாயிற்று. எல்லாம் சரியான பொருத்தங்கள்தான்.

கூட்டம் கலைந்த பிறகு புவனாவைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னடி சொன்ன அவன்ட்ட?”

“எல்லாத்தையும்.”

“அவன்?”

“மாத்திரை எம்புட்டுப் பெருசுன்னு கேட்டாரு. காமிச்சேன். இம்புட்டுத்தானான்னாரு.” புவனா தொட்டிமேல் சாய்ந்துகொண்டாள். “அப்புறம், பயமா இருக்குன்னாரு. நீ சொல்றது புரியுது, ஆனா என்னால முடியல, எங்கம்மாவ எதுத்து நிக்கவும் எனக்குத் தெம்பில்லன்னாரு. யார்ட்டயும் சொல்ல மாட்டேன், எங்கம்மாட்ட மட்டும் என்ன காரணம் சொல்லட்டும்னு கேட்டாரு. நாந்தான் செவ்வாய எடுத்துக் குடுத்தேன்.”

“என் பேர வித்துட்டியேடி!”

“எம் பேருக்குப் பதிலா ஒங்க பேரு. என்ன ஆனாலும் ரகசியத்தக் காப்பாத்தணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீக?”

ரோஸ்மேரிக்கு யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. அந்தப் பையனைத் திட்டலாம் என்றால், திட்டுவதற்கு ஒரு இடம் வைக்காமல் போயிருக்கிறான். வாயை விட்டிருந்தால் அயோக்கியன் என்று சொல்லலாம். கட்டியிருந்தால் உத்தமன் என்று சொல்லலாம். நடுவில் நின்றுகொண்டவனை என்ன சொல்வது? புவனா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள், நேரத்துக்குச் சாப்பிட்டாள், மாத்திரையைப் போட்டாள். கௌசல்யாதான் கேசரிப் பாத்திரத்தின் முன் விழுந்து அழுதாள்.

பிராங்கிளின் கேட்டான்: “அக்கா, அவங்களாவே சொல்லிட்டாங்க, ரகசியமும் வெளிய போகல. அப்ப இது வெற்றிதான?” ரோஸ்மேரி அவன் மேசையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து முழுக்கக் குடித்துவிட்டு, வெளியே போனாள்.

ஊருக்குள் போக முடியாததால் அடுத்த மாதம் புவனாவை வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டில் வரச் சொன்னாள். டீக்கடை ஓரமாக நின்றார்கள். பஞ்சு வைத்த டப்பா கை மாறியது.

“பஸ்ஸுல அவன் எப்படி இருக்கான்?”

“அதே மாதிரிதான். இப்பவும் நாங்க ஏறுற வரைக்கும் நிக்கிறாரு. அதுதான் எரிச்சலா வருது.” புவனா டீயை ஊதினாள். “அத விடுங்க. ஒரு சேதி. பழனியம்மா அத்தை எங்க வீட்டுக்கு வந்துச்சு.”

“இப்ப என்னவாம்?”

“அந்த நாசமாப் போனவ ஒரு சுத்த ஜாதகத்தக் கெடுத்து வச்சு, ஒங் கல்யாணத்த இத்தன நாளாத் தள்ளிப் போட்டுட்டா, இனி ஒனக்கு மாப்ள பாக்குறது எம் பொறுப்புன்னு அம்மா கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. தோசமில்லாத பொண்ணு, நோவு நொடி இல்லாத பொண்ணுன்னு சுத்துப்பட்டு பூராம் சொல்லிருச்சு. இந்த ஞாயித்துக்கெழம ஒரு குடும்பம் வருது. அதுக்கடுத்த வாரம் கொசவபட்டில இருந்து ஒண்ணு.”

ரோஸ்மேரிக்கு டீ புரையேறியது. இருந்த ஒரே பூட்டும் போய், வாசலில் வரிசை வேறு.

“வாரவன் போறவன்ட்டயெல்லாமா சொல்லுவ? ஒருத்தன் வாய மூடுனான், ஒம்போது பேரு மூடுவானா? ஊருக்கே தெரிஞ்சிரும்டி!”

“எல்லார்ட்டயுமா சொல்லப் போறேன்? புடிக்காதவன எனக்குப் புடிக்கலன்னு நானே அனுப்பிருவேன். புடிச்சவன்ட்ட மட்டும் சொல்லுவேன். இதே இருக்கிறவங்க நெட்டொர்க்குல வர்ற பையன்களயும் பாப்பேன். எவனாச்சும் ஒருத்தன் பயந்துக்கிட்டாவது இருந்துருவான்.”

“இல்லாட்டி?”

“இல்லாட்டி மில்லுக்குப் போவேன், சாப்டுவேன், தூங்குவேன். இப்ப என்ன செய்றேன்?”

ரோஸ்மேரிக்கு அவள் தலையில் ஒன்று தட்ட வேண்டும்போல் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும்போலும் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் இரண்டும் முடியாது. பார்ப்பவர்கள் என்ன உறவு என்று கேட்பார்கள். திண்டுக்கல் பஸ் வந்து நின்று உறுமியது.

“ஞாயித்துக்கெழம வந்துருங்க ரோஸத்தை.”

“எப்படிடி வர்றது? தெருவுக்குள்ள நொழஞ்சா முருங்க வெளாரு. இனி என்னன்னு சொல்லிக்கிட்டு வர்றது?”

“அத நீங்க பாத்துக்கங்க. பொய்யெல்லாம் ஒங்க டிபார்ட்மெண்டு” என்றாள் புவனா. “எனக்கு அன்னைக்குச் சண்ட போட ஒரு ஆளு வேணும். அம்மான்னா அழுதுரும்.”

கண்டக்டர் விசில் கொடுத்தான். ரோஸ்மேரி முணுமுணுத்துக்கொண்டே ஏறி, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, எரிச்சலோடு பையை மடியில் வைத்துக்கொண்டாள். புதுசாக ஒரு பொய்யை யோசிக்க, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.